நெஞ்செரிச்சலுக்கு எது: குடிக்கும் மருந்தா, மாத்திரையா, அறுவை சிகிச்சையா?

நெஞ்செரிச்சலுக்கு மருந்து என்று கேட்டால் கைக்கு வருவது ஒன்றல்ல. குலுக்கிக் குடிக்கும் வெள்ளைத் திரவம், மென்று விழுங்கும் மாத்திரை, பெயர் 'டிடின்' என்று முடிகிற மாத்திரை, 'ப்ரசோல்' என்று முடிகிற மாத்திரை எனப் பல வகை உண்டு. எல்லாவற்றுக்கும் 'கேஸ் மாத்திரை' என்று பொதுவாகப் பெயர் வைத்து, இது கேட்கவில்லையா, அதைப் போடு என்று மாற்றி மாற்றி விழுங்குவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

இவை வீரியத்தில் மட்டும் வேறுபடுபவை அல்ல. வேலை செய்யும் இடமே வேறு. ஒன்று ஏற்கெனவே சுரந்துவிட்ட அமிலத்தைச் செயலிழக்கச் செய்கிறது. ஒன்று அதன்மேல் மிதந்து மூடுகிறது. ஒன்று 'அமிலம் சுர' என்ற கட்டளையைத் தடுக்கிறது. ஒன்று சுரக்கும் பம்பையே அடைக்கிறது. அறுவை சிகிச்சை அமிலத்தைத் தொடுவதே இல்லை, அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறாமல் தடுக்கும் கதவைச் சரிசெய்கிறது. ஆகவே எது சிறந்தது என்ற கேள்வியைவிட, உங்களுக்குத் தொல்லை எப்போது வருகிறது, எத்தனை நாளுக்கு ஒருமுறை, வருவது எரிச்சலா, வாய்வரை ஏறும் புளித்த நீரா என்ற கேள்விகள் முக்கியம்.

ஒப்பீட்டுக்குள் போகுமுன் ஓர் எச்சரிக்கை. நெஞ்சில் இறுக்கம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, மூச்சுத்திணறல், வியர்த்துக் கொட்டுதல் இருந்தால் அது இதயமாக இருக்கலாம். எதையாவது குடித்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. விழுங்கும்போது உணவு சிக்குவது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்த வாந்தி, தார் போன்ற கறுப்பு மலம், ரத்தசோகை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் எண்டோஸ்கோபி. மருந்துத் தேர்வெல்லாம் அப்புறம்.

கோளாறு எங்கே இருக்கிறது?

பெரியவர்களுக்கு உணவுக்குழாய் ஏறத்தாழ 25 செ.மீ. நீளம். அதன் உட்புறம் தோலைப் போலவே பல அடுக்குத் தட்டைச் செல்களால் ஆனது. கவளம் உரசிக்கொண்டு போவதைத் தாங்க அது போதும்; அமிலத்தைத் தாங்கப் போதாது. குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் இந்த உறை சட்டென்று மாறுகிறது. எண்டோஸ்கோபியில் பார்த்தால் மேலே வெளிறிய இளஞ்சிவப்பு, கீழே அடர்ந்த சிவப்பு, நடுவே கோணல்மாணலாக ஓர் எல்லைக்கோடு. கோட்டுக்குக் கீழே உள்ள செல்கள் பைகார்பனேட் கலந்த வழவழப்பான சளியைத் தங்கள்மேல் பூசிக்கொள்கின்றன. சில நாட்களுக்கு ஒருமுறை பழையவை உதிர்ந்து புதியவை வருகின்றன. பி.எச். 1, 2 என்ற அளவில் இருக்கும் அமிலம் கோட்டுக்குக் கீழே கிடக்கும்வரை தொல்லையில்லை. கோட்டைத் தாண்டினால்தான் சுடுகிறது.

இரைப்பை ஒரு நாளைக்குச் சுமார் 2 லிட்டர் சாறு சுரக்கிறது. அந்தச் சாறு மேலே ஏறித் தொல்லை தரும் எதுக்களிப்பு நோய் உள்ள பெரும்பாலோருக்கும் இதே அளவுதான். 'எனக்கு அசிடிட்டி ஜாஸ்தி' என்று பலரும் சொல்கிறார்கள். பெரும்பாலும் அவர்களுக்கு ஜாஸ்தியாக இருப்பது அமிலமல்ல, அது தப்பி மேலே வரும் தடவைகள்.

அதைத் தடுக்கும் கதவு ஒரே தசையால் ஆனதல்ல. உணவுக்குழாயின் அடியில் 2 முதல் 4 செ.மீ. நீளத்துக்கு ஒரு சுருக்குத்தசை இருக்கிறது. விழுங்காத நேரமெல்லாம் அது இறுகியே இருக்கும். இரைப்பைக்குள் உள்ள அழுத்தத்தைவிட 10 முதல் 30 மி.மீ. பாதரச அளவுக்கு அதிகமாக. அதே இடத்தை வெளியிலிருந்து உதரவிதானத்தின் தசை வளையம் பிடித்திருக்கிறது. இருமும்போதும் குனியும்போதும் வயிற்றின் அழுத்தம் எகிறும் அந்த நொடியில் கை கொடுப்பது இந்த வெளிவளையம். போதாததற்கு, குழாய் இரைப்பைக்குள் நேராக இறங்காமல் ஒரு கூர்ங்கோணத்தில் பக்கவாட்டில் சேர்கிறது. இரைப்பை நிரம்பும்போது அதன் மேல்குவிவு உப்பிக் குழாயின் முனையை அழுத்துகிறது. இரைப்பையின் மேல்பகுதி உதரவிதானத் துளை வழியாக நெஞ்சுக்குள் நழுவிவிட்டால், அதாவது ஹையேட்டஸ் ஹெர்னியா வந்துவிட்டால், உள்தசை ஓரிடம், வெளிவளையம் ஓரிடம் என்று பிரிந்துபோகும். கோணமும் போய்விடும்.

ஆனால் நிரந்தரமாகத் தளர்ந்துபோன கதவு உள்ளவர்கள் குறைவு. பெரும்பாலான எதுக்களிப்புக்குக் காரணம், நன்றாக இருக்கும் கதவு விழுங்காத நேரத்தில் தானாகத் திறந்துகொள்வது. இரைப்பையின் மேல்குவிவு உப்பியதும் வேகஸ் நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குச் செய்தி போகிறது. அங்கிருந்து வரும் பதிலில் சுருக்குத்தசையும் உதரவிதான வளையமும் சேர்ந்தே தளர்கின்றன, 10 நொடிக்கும் மேலாக. ஏப்பம் விடுவதற்காக உடல் வைத்திருக்கும் ஏற்பாடு இது. எல்லோருக்கும் நடக்கிறது. சிலருக்குக் காற்றோடு நின்றுவிடுகிறது, சிலருக்கு அமிலமும் கூடவே வந்துவிடுகிறது.

சாப்பிட்ட பிறகு எரிச்சல் ஏன் அதிகம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உணவு அமிலத்தின் கடுமையைக் குறைக்கும் என்பது உண்மை; ஆனால் இரைப்பையின் நடுப்பகுதியில்தான். புதிதாகச் சுரக்கும் அமிலம் உணவோடு கலக்காமல் அதன்மேல், கதவுக்கு நேர் கீழே, ஒரு தேக்கமாக நிற்கிறது. 2001-இல் கிளாஸ்கோ ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டினார்கள். கதவு திறந்தால் முதலில் மேலே வருவது இந்தத் தேக்கம்தான்.

இரவு விஷயம் தனி. பகலில் அமிலம் ஏறினால் உணவுக்குழாய் ஓர் அலையை எழுப்பிக் கீழே தள்ளும்; மிச்சத்தை நாம் விழுங்கும் உமிழ்நீரில் உள்ள பைகார்பனேட் சரிக்கட்டும். தூக்கத்தில் உமிழ்நீர் ஏறக்குறைய நின்றுபோகும், விழுங்குவது எப்போதாவதுதான், படுத்திருப்பதால் புவியீர்ப்பும் உதவாது. இரவில் ஒருமுறை ஏறிய அமிலம் பகலைவிட நெடுநேரம் தங்கிப் புண்ணாக்கும்.

உடனே கேட்பவை: ஆன்டாசிடும் ஆல்ஜினேட்டும்

ஆன்டாசிட் என்பது நேரடி வேதியியல். அலுமினியம் ஹைட்ராக்சைடு, மெக்னீசியம் ஹைட்ராக்சைடு, கால்சியம் கார்பனேட் போன்ற காரங்கள் இரைப்பைக்குள் போய் அமிலத்தோடு வினைபுரிகின்றன. சில நிமிடங்களில் பலன் தெரியும், சீக்கிரமே போய்விடும். வெறும் வயிற்றில் குடித்தால் இரைப்பை அதை அரை மணி நேரத்துக்குள் கீழே தள்ளிவிடும்; சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் இரண்டு, மூன்று மணி நேரம் தாக்குப்பிடிக்கும். அலுமினியம் மலச்சிக்கல் தரும், மெக்னீசியம் வயிற்றை இளக்கும். இரண்டையும் ஒரே பாட்டிலில் கலப்பது அதனால்தான். தைராக்சின், இரும்புச்சத்து, டெட்ராசைக்ளின் போன்றவை குடலில் உறிஞ்சப்படுவதை இது கெடுக்கும் என்பதால் சில மணி நேர இடைவெளி வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் எடுக்கக் கூடாது. உணவுக்குழாயில் புண் இருந்தால் இது ஆற்றாது.

ஆல்ஜினேட் பார்வைக்கு அதே மாதிரி பாட்டில்தான்; வேலை வேறு. பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கப்படும் இந்தப் பொருள் அமிலத்தைத் தொட்டதும் கெட்டிக் கூழாகிறது. கூடவே இருக்கும் பைகார்பனேட் கரியமில வாயுக் குமிழிகளை உண்டாக்க, அவை கூழுக்குள் சிக்கி அதை மேலே மிதக்க வைக்கின்றன. அது போய் நிற்கும் இடம் கதவுக்கு அடியில் உள்ள அதே அமிலத் தேக்கம். கதவு திறந்தாலும் முதலில் மேலே வருவது அமிலமல்ல, இந்தக் கூழ். சாப்பிட்டு முடித்ததும் குடிக்க வேண்டும். குடித்த பிறகு வேறெதுவும் சாப்பிடாமல் இருந்தால்தான் மிதவை கலையாமல் நிற்கும். சோடியம் சேர்ந்த தயாரிப்புகள் இருப்பதால் ரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் லேபிளைப் பார்த்து வாங்க வேண்டும்.

மாதத்துக்குச் சில தடவை மட்டும், அதுவும் சாப்பிட்ட பிறகு வரும் எரிச்சலுக்கு இந்த இரண்டில் ஒன்றே போதும். எனக்குத் தேர்வு விட்டால் ஆல்ஜினேட்டைத்தான் எடுப்பேன். கோளாறு இருக்கும் இடத்துக்கே போய் நிற்கிறது, உடம்புக்குள் ஏறக்குறைய உறிஞ்சப்படாமலேயே வெளியேறிவிடுகிறது.

கட்டளையைத் தடுப்பவை: ஹெச்2 தடுப்பான்கள்

அமிலம் சுரக்கும் செல்லுக்கு மூன்று பக்கங்களிலிருந்து கட்டளை வருகிறது: வேகஸ் நரம்பிலிருந்து அசிட்டைல்கோலின், ரத்தத்தின் வழியாக காஸ்ட்ரின், பக்கத்துச் செல்லிலிருந்து ஹிஸ்டமின். இதில் ஹிஸ்டமினின் கை ஓங்கியது. அது செல்லில் ஒட்டும் 'ஹெச்2' என்ற இடத்தை மட்டும் அடைத்தால் போதும் என்று யோசித்தவர் ஜேம்ஸ் பிளாக். அவர் குழு உருவாக்கிய சிமெடிடின் 1976-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது; அல்சருக்காக இரைப்பையை வெட்டி எடுத்துக்கொண்டிருந்த காலம் அதோடு ஒரு முடிவுக்கு வரத் தொடங்கியது. 1988-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இன்று இந்த வகையில் பெரும்பாலும் எடுப்பது ஃபாமோடிடின். ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கும், 10 முதல் 12 மணி நேரம் நிற்கும். உணவோடு சம்பந்தமில்லாமல் இரவில் சுரக்கும் அமிலத்துக்கு ஹிஸ்டமின்தான் முக்கியத் தூண்டல் என்பதால், படுக்கப்போகும்முன் போடுவதற்கு இது நல்ல மருந்து. குறை என்னவென்றால், தினமும் போட்டால் ஓரிரு வாரங்களிலேயே உடம்பு பழகிவிடும். அதே டோஸ் முன்போல் கேட்காது. அதனால் நாள்தோறும் போடும் மருந்தாக அல்லாமல், தேவைப்படும் இரவில் மட்டும் எடுக்கும் மருந்தாக வைத்துக்கொள்வது நல்லது. ரானிடிடின் எங்கே போயிற்று என்று கேட்பவர்களுக்கு: அதில் புற்றுநோயைத் தூண்டக்கூடிய என்.டி.எம்.ஏ. என்ற மாசு சேமிப்பின்போதே பெருகுவது தெரியவந்து, 2020 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதை விற்பனையிலிருந்து விலக்கச் சொன்னது.

பம்பை அடைப்பவை: ப்ரசோல்கள்

ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல், ரபெப்ரசோல், எசோமெப்ரசோல் எல்லாம் ஒரே குடும்பம். 1988-இல் ஒமெப்ரசோலோடு தொடங்கியது. புண்ணை ஆற்றுவதில் முன்னே சொன்ன எதுவும் இவற்றோடு போட்டிபோட முடியாது. ஆனால் இவ்வளவு பேர் இவ்வளவு தவறாகப் போட்டுக்கொள்ளும் மாத்திரையும் வேறு இருக்குமா என்பது சந்தேகம். தவறு எங்கே என்று புரிய, மாத்திரை போகும் வழியைப் பார்க்க வேண்டும்.

அமிலம் பட்டால் இந்த மருந்து கெட்டுவிடும். அதனால் மேலே ஓர் உறை போட்டு, இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலில் கரையும்படி செய்கிறார்கள். பொடித்து விழுங்கக் கூடாது என்பது இதனால்தான். சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு, ரத்தத்தில் கலந்து, சுற்றிக்கொண்டு மறுபடி இரைப்பைக்கே வருகிறது. ஆனால் இந்தத் தடவை பின்பக்கமாக, சுவருக்குள் இருக்கும் செல்லுக்கு. அந்தச் செல்லுக்குள் நுண்ணிய கால்வாய்கள் இருக்கின்றன. பம்புகள் அந்தக் கால்வாய்களின் சுவரில் நின்று ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளுகின்றன, செல்லுக்குள் இருப்பதைவிடப் பத்து லட்சம் மடங்குக்கு மேல் செறிவாக. மருந்து அந்தக் கால்வாயில் சேர்ந்து, அங்குள்ள அமிலத்தாலேயே உருமாறி, பம்பில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியது விடாது. செல் புதுப் பம்பு தயாரித்தால்தான் மறுபடி சுரப்பு.

ஆக, பம்பு ஓடிக்கொண்டிருந்தால்தான் மருந்து வேலை செய்யும். பட்டினியாக இருக்கும் நேரத்தில் பெரும்பாலான பம்புகள் செல்லுக்குள் ஒதுங்கிக் கிடக்கும். சாப்பிட்டதும்தான் கால்வாய்ச் சுவருக்கு வரும். மருந்தோ ரத்தத்தில் அதிக நேரம் இருப்பதில்லை, ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரத்தில் பாதி போய்விடும். இந்த இரண்டும் சந்திக்க வேண்டுமானால் சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடங்கள் முன்பு மாத்திரையைப் போட வேண்டும். போட்டுவிட்டுச் சாப்பிடவும் வேண்டும். சாப்பிட்ட பிறகு போட்டாலும், படுக்கும்போது வெறும் வயிற்றில் போட்டாலும் பாதி வீண்.

இன்னொன்று, முதல் மாத்திரையிலேயே எல்லாப் பம்பும் அடைபடாது. நாளுக்கு நாள் கூடி, 3 முதல் 5 நாட்களில்தான் முழு வேகம் வரும். எரியும்போது மட்டும் ஒன்றைப் போட்டு, கேட்கவில்லையே என்று குறைசொல்வதில் அர்த்தமில்லை. அது ஆன்டாசிடின் வேலை. சிலருக்கு மரபு காரணமாகக் கல்லீரல் இந்த மருந்தை வேகமாகச் சிதைத்துவிடும். ரபெப்ரசோலுக்கு அந்தப் பாதிப்பு குறைவு. ரத்தம் உறைவதைத் தடுக்க க்ளோபிடோக்ரெல் எடுப்பவர்கள் ஒமெப்ரசோலையும் எசோமெப்ரசோலையும் தவிர்ப்பது நல்லது.

நேரத்தை மட்டும் திருத்தினால் எவ்வளவு மாறும் என்பதற்கு நல்ல சான்று உண்டு. ப்ரசோல் கேட்காத நெஞ்செரிச்சல் என்று அனுப்பப்பட்ட 366 பேரை அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் ஆராய்ந்து, 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் வேலையாக இரண்டு வாரம் ஒமெப்ரசோலைச் சரியான நேரத்தில், நாளைக்கு இரண்டு வேளை, உணவுக்கு முன் எடுக்கச் சொன்னார்கள். 42 பேருக்கு அதிலேயே சரியாகிவிட்டது. மீதிப் பேருக்குச் சோதனை செய்ததில் 99 பேரின் எரிச்சலுக்கு எதுக்களிப்பு காரணமே இல்லை. உணவுக்குழாய் நரம்புகளின் அதீத உணர்திறனால் வரும் எரிச்சல் அது. இவர்களுக்கு எவ்வளவு டோஸ் ஏற்றினாலும் பயனில்லை என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

நீண்ட நாள் போட்டால் எலும்பு தேயும், சிறுநீரகம் போகும், மறதி வரும் என்றெல்லாம் படித்திருப்பீர்கள். அவற்றில் பலவும், மாத்திரை எடுப்பவர்களையும் எடுக்காதவர்களையும் வெளியிலிருந்து கவனித்துச் சொன்னவை. ஏற்கெனவே நோய் அதிகம் உள்ளவர்களுக்கே மாத்திரையும் அதிகம் எழுதப்படுகிறது என்ற சிக்கல் அவற்றில் இருக்கிறது. 17,000-க்கும் மேற்பட்டவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, பான்டோப்ரசோலும் போலி மாத்திரையும் கொடுத்து, சராசரியாக மூன்று ஆண்டுகள் கவனித்த ஆய்வின் முடிவு 2019-இல் வந்தது. அதில் தெளிவாகக் கூடியது குடல் தொற்று மட்டுமே: 1 சதவீதத்திலிருந்து 1.4 சதவீதமாக. அமிலம் கிருமிகளைக் கொல்லும் முதல் அரண் என்பதால் இது எதிர்பார்க்கக்கூடியதுதான். பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்கு மெக்னீசியமும் பி12-ம் குறையக்கூடும், அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம். பயந்து நிறுத்த வேண்டியதில்லை. காரணம் மறந்துபோன பிறகும் போட்டுக்கொண்டே இருப்பதும் சரியல்ல.

இதே பம்பை வேறு விதமாகப் பிடிக்கும் புதிய வகை ஒன்றும் வந்திருக்கிறது. வோனோப்ரசான் ஜப்பானில் 2014-இல் அனுமதி பெற்றது. இதற்கு அமிலத்தால் உருமாற வேண்டிய தேவையில்லை, உணவு நேரத்தைப் பார்க்க வேண்டியதில்லை, முதல் நாளே ஏறக்குறைய முழு பலன், இரவிலும் நிற்கும். கடுமையான புண்ணை ஆற்றுவதில் ப்ரசோலைவிட மேல். சாதாரண எரிச்சலுக்கு இதையே முதலில் எடுக்க வேண்டும் என்று சொல்லும் அளவுக்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. நீண்ட கால அனுபவமும் ப்ரசோலுக்கு இருக்கும் அளவு இதற்கு இல்லை.

கதவைச் சரிசெய்வது: அறுவை சிகிச்சை

மேலே சொன்ன எந்த மாத்திரையும் கதவைத் தொடவில்லை. ப்ரசோல் போட்டாலும் கதவு அதே அளவு திறக்கிறது, திரவம் அதே அளவு ஏறுகிறது. ஏறும் திரவத்தில் அமிலம் குறைவு, அவ்வளவுதான். எரிச்சல் போய்விடும், குனிந்தால் வாய்க்கு வரும் நீரும், இரவில் புரையேறி எழுவதும் அப்படியே இருக்கலாம்.

ருடால்ஃப் நிசென் 1950-களில் விவரித்த முறை இன்றும் அடிப்படை. இரைப்பையின் மேல்குவிவை எடுத்து உணவுக்குழாயின் அடிப்பகுதியைச் சுற்றி முழு வட்டமாக, அதாவது 360 பாகை, போர்த்தித் தைக்கிறார்கள். ஹெர்னியா இருந்தால் இரைப்பையை வயிற்றுக்குள் இழுத்து, உதரவிதானத் துளையையும் தைத்துச் சிறிதாக்குகிறார்கள். இரைப்பை நிரம்பினால் போர்வையும் உப்பிக் குழாயை நெருக்கும். மேல்குவிவு அவ்வளவு எளிதில் உப்பாததால் தானாகத் திறப்பதும் குறையும். 1991 முதல் லேப்ராஸ்கோபியில், அதாவது சிறு துளைகள் வழியாக, செய்கிறார்கள். டூபே முறையில் பின்பக்கமாக 270 பாகை மட்டும் போர்த்துவார்கள்; விழுங்கும் சிரமம் அதில் குறைவு. காந்த மணிகளைக் கோத்த சிறு வளையத்தைக் குழாயைச் சுற்றி மாட்டும் முறைக்கு அமெரிக்காவில் 2012-இல் அனுமதி கிடைத்தது.

மாத்திரையோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்த பெரிய ஐரோப்பிய ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2011-இல் வந்தது. எசோமெப்ரசோல் எடுத்தவர்களில் 92 சதவீதமும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் 85 சதவீதமும் நோய் கட்டுக்குள் இருந்தார்கள். இந்த ஒற்றை எண்ணைப் பார்த்தால் மாத்திரைதான் ஜெயித்தது என்று தோன்றும். தொல்லையைப் பிரித்துப் பார்த்தால் கதை மாறுகிறது. எதுக்களித்து வருவது மாத்திரைக் குழுவில் 13 சதவீதத்தினருக்கு, அறுவை சிகிச்சைக் குழுவில் 2 சதவீதத்தினருக்கு. மறுபக்கம், விழுங்கும் சிரமம் மாத்திரைக் குழுவில் 5, அறுவை சிகிச்சைக் குழுவில் 11. வயிறு உப்புசம் 28-க்கு எதிராக 40. கதவை இறுக்கினால் ஏப்பமும் வெளியே வராது, காற்று கீழ்ப்பக்கமாகத்தான் போகும். அது சிலருக்கு எரிச்சலைவிடப் பெரிய தொல்லை.

அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் எல்லோரும் ப்ரசோல் கேட்டவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. கேட்காதவர்கள் கதைக்கு அந்த 366 பேரிடமே திரும்பலாம். எல்லாச் சோதனைகளுக்கும் பிறகு, எதுக்களிப்பே காரணம் என்று நிரூபணமாகி ஆய்வின் கடைசிக் கட்டத்துக்கு வந்தவர்கள் 78 பேர். அவர்களில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் 67 சதவீதத்தினருக்குப் பலன். கூடுதல் மருந்துகள் எடுத்தவர்களில் 28 சதவீதத்தினருக்கு மட்டும். சரியான ஆளுக்குச் செய்தால் கத்தி பிரமாதமாக வேலை செய்கிறது. சரியான ஆள் 366-இல் 78 தான்.

எனவே மாத்திரை கேட்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக யாராவது நேரே அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்தால் இரண்டு சோதனைகளைக் கேளுங்கள். ஒன்று, உணவுக்குழாயில் 24 மணி நேரம் அமிலத்தை அளப்பது; அமிலம் இருக்கும் நேரம் 6 சதவீதத்துக்கு மேல் என்றால் நோய் உறுதி, 4-க்குக் கீழே என்றால் இயல்பு. மற்றொன்று, மானோமெட்ரி என்ற அழுத்தச் சோதனை. அக்கலேசியா என்ற நோயில் கதவு திறக்கவே மறுக்கும்; தேங்கிய உணவு புளித்து மேலே வருவதால் அதுவும் எதுக்களிப்பு போலவே தோன்றும். அந்த நோய் உள்ளவருக்குப் போய்க் கதவை இறுக்கினால் நிலைமை படுமோசமாகும். எண்டோஸ்கோபி மட்டும் போதாது. எதுக்களிப்பு உள்ள பலருக்கு அதில் புண்ணே தெரியாது.

உடல் பருமனும் சேர்ந்திருந்தால் கணக்கு வேறு. எடைக்காக இரைப்பையைக் குழல் போல் குறுக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சை எதுக்களிப்பைக் கூட்டக்கூடும். ஏற்கெனவே தொல்லை உள்ளவர்களுக்கு இரைப்பை பைபாஸ் முறை பொருத்தமானது.

மருந்தில்லாமல் எவ்வளவு முடியும்?

நீளமான தடைப்பட்டியல்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. சான்று உள்ளவை சிலதான். எடை கூடியிருந்தால் குறைப்பது. இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் விடுவது. இரவில் தொல்லை இருந்தால் கட்டிலின் தலைமாட்டை 15 முதல் 20 செ.மீ. உயர்த்துவது. தலையணையை அடுக்கினால் இடுப்பு மடங்கி வயிற்றை அழுத்தும், கட்டிலின் காலுக்கு அடியில் கட்டை வைப்பதே சரி. புகையை விடுவது. அப்புறம், இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பது. இரைப்பையின் பெரும்பகுதி இடப்பக்கம் தொங்குவதால், அப்படிப் படுத்தால் அமிலம் கீழேயும் கதவு மேலேயும் இருக்கும். வலப்பக்கம் படுத்தால் கதவு அமிலத்துக்குள் மூழ்கும். செலவே இல்லாத இந்த ஒன்றை இரவுத் தொல்லை உள்ள எல்லோரும் மாத்திரைக்கு முன்பே செய்து பார்க்கலாம்.

வேறு நோய்க்காக எடுக்கும் மருந்துகளையும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டுவது நல்லது. நெஞ்சுவலிக்கான நைட்ரேட், சில ரத்த அழுத்த மாத்திரைகள், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் ஆகியவை கதவுத் தசையைத் தளர்த்தும்.

எந்த நிலைக்கு எது?

எப்போதாவது, சாப்பிட்ட பிறகு வருகிறதென்றால் ஆல்ஜினேட். எப்போதாவது இரவில் என்றால் ஃபாமோடிடின். வாரத்துக்கு இரண்டு நாள் அல்லது அதற்கு மேல் தொல்லை என்றால் ப்ரசோல், நாளைக்கு ஒன்று, காலை உணவுக்கு முன், எட்டு வாரம். இதில் சரியாகிவிட்டால் நிறுத்திப் பார்க்க வேண்டும். எண்டோஸ்கோபியில் சி, டி நிலைக் கடும் புண் (ஏ முதல் டி வரையிலான தரவரிசையில் கடைசி இரண்டு) இருந்தவர்களும், உணவுக்குழாயின் உள்உறையே உருமாறிப்போகும் பாரெட் மாற்றம் உள்ளவர்களும், இரைப்பையில் ரத்தக்கசிவு வராமல் தடுக்க எடுப்பவர்களும் தாங்களாக நிறுத்தக் கூடாது. எரிச்சல் அடங்கியும் திரவம் ஏறுவது நிற்கவில்லை, பெரிய ஹெர்னியா இருக்கிறது, அமிலச் சோதனையும் உறுதி செய்கிறது என்றால் அறுவை சிகிச்சை பற்றித் தயங்காமல் பேசலாம்.

நிறுத்தும்போது ஒரு சிக்கல் உண்டு. அமிலம் குறைந்திருந்த காலமெல்லாம் உடம்பு காஸ்ட்ரினைக் கூட்டிக்கொண்டே போயிருக்கும். மாத்திரையை விட்டதும் அமிலம் முன்பைவிட அதிகமாகப் பொங்கும். எந்தத் தொல்லையும் இல்லாத ஆரோக்கியமான 120 பேரை வைத்து டென்மார்க்கில் நடத்திய ஆய்வின் முடிவு 2009-இல் வந்தது. எட்டு வாரம் எசோமெப்ரசோல் எடுத்துவிட்டு நிறுத்தியவர்களில் 44 சதவீதத்தினருக்குப் புதிதாக எரிச்சல், எதுக்களிப்பு போன்றவை வந்தன. போலி மாத்திரை எடுத்தவர்களில் 15 சதவீதத்தினருக்குத்தான். நிறுத்திய சில நாட்களில் எரிகிறது என்பதற்காக நோய் திரும்பிவிட்டது என்று முடிவுகட்டி மறுபடி ஆரம்பிக்கக் கூடாது. டோஸைப் பாதியாக்கி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று இறங்கலாம். நடுவில் எரிந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு ஆல்ஜினேட்டும், இரவில் தேவைப்பட்டால் ஃபாமோடிடினும் போதும். சில வாரங்கள் இப்படிச் சமாளித்தும் முன்பு இருந்த அளவுக்கே தொல்லை திரும்பினால், கேட்கும் டோஸ்களில் எது மிகக் குறைவோ அதில் ப்ரசோலைத் தொடர்வதில் தவறில்லை.